மெயில் ரயில் ஓடவில்லை, அம்மாவைக் கட்டுநாயக்காவுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பாலையூற்று மலர்
திங்கள், பின்னேரம் 5.10

எல்லோருக்கும் வணக்கம். அம்மா லண்டனில் இருக்கும் அக்காவிடம் போகிறா. வயது 68, முழங்கால் வருத்தம், இதுதான் முதல் விமானப் பயணம். கட்டுநாயக்காவில் வியாழன் விடிய 3.55க்கு பிளைட். டோகாவில் மாறவேண்டும். புதன் இரவு திருகோணமலையிலிருந்து மெயிலில் கொழும்பு கோட்டைக்குப் போக மூன்று சீட் ரிசேவ் பண்ணி வைத்திருந்தோம். இப்போது மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துவிட்டதாம், மெயில் இல்லை. டிக்கெட் காசைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆனால் காசு அம்மாவைக் கொண்டுபோய் விடாதே.

பஸ்ஸா, வானா? பெரிய பெட்டி இரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் இருக்கவேண்டும். சந்தி அரிசிக் கடைத் தராசில் வைத்தால் ஒன்று 25.4 காட்டுகிறது. ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) இல்லாமல் மகளிடம் போகமாட்டேன் என்று நிற்கிறா. அது வேறு பிரச்சினை.


பழைய கார்ட்
திங்கள், பின்னேரம் 6.02

பிள்ளை, ரயில் இல்லை என்றால் முதலில் கேட்கவேண்டியது லைன் எந்த இடத்தில் அறுந்தது என்பதைத்தான். கோட்டையிலிருந்து மாகோ வரை யாழ்ப்பாணக் கோச்சியும் நம்முடையதும் ஒரே பாதை. மாகோவிலிருந்து கல்ஓயா வரை மட்டக்களப்புக் கோச்சியோடு பங்கு. கல்ஓயாவிலிருந்து அக்போபுர, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வருகிற துண்டுதான் நமக்கு மட்டும் உரியது. உடைப்பு அந்தத் துண்டில் என்றால் ஹபரணை வரை பஸ்ஸில் போய் மட்டக்களப்புக் கோச்சியைப் பிடிக்கலாம். மாகோவுக்கு இந்தப் பக்கம் என்றால் அதுவும் இல்லை, குருணாகல் வரை பஸ்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்கள் ஸ்டேஷன் வாங்கிலில் பெட்டியை வைத்துக்கொண்டு குந்திக்கொண்டிருப்பார்கள். ரயில் கார்ட்டாக முப்பது வருஷம் பார்த்தவன் நான்.

உங்களுக்குச் சுகமான வழி 49 இலக்க பஸ். கொழும்பில் இறங்கி 187ஐப் பிடித்தால் அதிவேக வீதியால் கட்டுநாயக்கா. கோட்டையில் புத்தளம் லைன் கோச்சி ஏறினாலும் ராகமையால் கட்டுநாயக்கா ஸ்டேஷனுக்குப் போகும். ஆனால் அங்கிருந்து ஓட்டோ பிடிக்கவேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்குச் சரிவராது.


கிண்ணியான்
திங்கள், இரவு 8.47

கார்ட் ஐயா கோபிக்கக் கூடாது. தங்கச்சி, உங்கள் டிக்கெட்டை எடுத்து மறுபடியும் வாசியுங்கோ. பிளைட் வியாழன் விடிய 3.55. புதன் இரவு மெயில் வியாழன் விடியப்புறம்தான் கோட்டையைத் தொடும். மெயில் ஓடியிருந்தால், கோச்சி கம்பஹாப் பக்கம் வரும்போது உங்கள் உம்மாவின் பிளேன் தலைக்கு மேலால் போயிருக்கும். மழைக்கு நன்றி சொல்லுங்கோ.

நான் சிரிக்கவில்லை. 2011இல் நான் முதல் தடவை சவூதிக்குப் போனபோது இதே கதைதான். டிக்கெட்டில் 12ஆம் தேதி 00.40 என்று இருந்தது. 12ஆம் தேதி பகல் லுஹர் தொழுதுவிட்டு, வாப்பாவின் கையைப் பிடித்து முத்திவிட்டு வெளிக்கிட்டேன். இரவு 9 மணிக்கே எயார்போர்ட். மூன்று மணித்தியாலத்துக்கு முன்னமே வந்துவிட்டேன் என்று பெருமை வேறு. வாசலில் நின்றவர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் டிக்கெட்டைப் பார்த்தார். “இது நேற்று ராத்திரி போயிட்டுதே” என்றார். டிக்கெட் எடுத்துத் தந்த ஏஜென்சிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புது டிக்கெட்டுக்கு என் மனைவியின் காப்பு போனது.

அப்புறம் இன்னொன்று. நாம் எல்லோரும் ‘கொழும்பு எயார்போர்ட்’ என்று சொல்லிச் சொல்லியே கெட்டுப்போனோம். கட்டுநாயக்கா கொழும்பில் இல்லை. கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புக்குப் பக்கத்தில், அதாவது நம்முடைய பக்கம் இருக்கிறது. ரயில் கோட்டையில் கொண்டுபோய் விடுவதால் அதுதான் வழி என்று பழகிவிட்டோம். ரயில் இல்லாத நாளில் எதற்குக் கோட்டைக்குப் போய் 30 கிலோமீற்றர் திரும்பி வரவேண்டும்? ஏ-6 வீதியால் குருணாகல் வரை வந்து, நாரம்மல, கிரியுல்ல, திவுலப்பிட்டிய, மினுவாங்கொட என்று வெட்டினால் கொழும்பின் மூச்சுக்கூடப் படாமல் எயார்போர்ட். பகல் என்றால் குருணாகலில் நீர்கொழும்பு பஸ் ஏறலாம். நான் இரண்டு தடவை அப்படித்தான் போனேன்.


பாலையூற்று மலர்
திங்கள், இரவு 9.15

கிண்ணியான் நானா, கை நடுங்குகிறது. நான், தம்பி, அவர், மூன்று பேரும் டிக்கெட்டைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் விளங்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்படியென்றால் புதன் பகலே வெளிக்கிடவேண்டும். நாளை மறுநாள்!


பழைய கார்ட்
திங்கள், இரவு 9.40

கிண்ணியான் தம்பி சொன்னது சரி. நேரசூசியோடு குடும்பம் நடத்தியவன் நான், எனக்கும் கண்ணில் படவில்லை. வெட்கம்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கிரியுல்லப் பாதை பகலுக்கு நல்லது. இரவில் ஒடுங்கல், வளைவு அதிகம், குருணாகலில் பிந்தி இறங்கினால் நீர்கொழும்பு பஸ்ஸை நம்பமுடியாது. நள்ளிரவில் இரண்டு பெட்டியோடு அம்மாவைக் குருணாகல் பஸ் ஸ்டாண்டில் இருத்துவது நினைக்கவே நல்லாயில்லை. பஸ்ஸில் போவதாக இருந்தால் விடியக்காலை முதல் பஸ். இல்லையென்றால் வான்.


தம்பலகாமம் வான்காரன்
செவ்வாய், காலை 6.20

நான் கே.டி.எச். வான் ஓட்டுகிறவன். ஓட்டம் தேடி எழுதவில்லை, ஆனால் ஓட்டம் வந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வானில் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். நாலரையில் போனேன் என்று சொல்கிறவனோடு ஏறாதீங்கோ. ஆட்கள் கணக்குப் போடுவது இப்படி: 3.55க்கு பிளைட், மூன்று மணித்தியாலம் முந்தி நிற்கவேண்டும், ஆக 1 மணிக்குப் போனால் போதும், இரவு 7 மணிக்கு வெளிக்கிடுவோம். கணக்கு சரிதான், பாதைதான் பிழை. 7 மணிக்கு வெளிக்கிட்டால் கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் உள்ள காட்டில் எட்டு, எட்டரைக்கு ஓடவேண்டும். அது யானை ரோட்டைக் கடக்கிற நேரம்.

போன மாசம் அப்படித்தான் ஒரு ஓட்டம். கல்ஓயாச் சந்திக்குக் கிட்ட, முன்னால் போன லொறியின் பின் லைட் இரண்டும் திடீரென்று மறைந்தது. லொறி திரும்பவில்லை, மேட்டிலும் இறங்கவில்லை. எனக்கும் லொறிக்கும் இடையில் ஒன்று வந்து நின்றிருக்கிறது. கறுப்பில் கறுப்பு. ஹோர்ன் அடிக்கவில்லை, லைட்டைக் குறைத்து, ரிவர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தேன். பின்னால் இருந்த பிள்ளைகளுக்குச் சத்தம் போடவேண்டாம் என்று கையைக் காட்டினேன். காதை விசிறுகிற சத்தம் கண்ணாடி மூடியிருந்தும் கேட்டது. இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். அது ஒரு மரக்கொப்பை முறித்து, பாதியைத் தின்று, மீதியை ரோட்டில் போட்டுவிட்டு, தன் பாட்டில் போனது. இருபத்தைந்து நிமிஷம் போனால் பரவாயில்லை. அவசரத்தில் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்திருந்தால்?

ரயிலே தப்பவில்லையே. 2025 பெப்ரவரி 20 விடியப்புறம் ஹபரணைக் காட்டில் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானை செத்தது, பெட்டியும் தடம்புரண்டது.

அதனால் என்னுடைய கணக்கு வேறு. பகல் 1.30க்கு வெளிக்கிடுவேன். வெயில் இருக்கும்போதே ஹபரணை தாண்டிவிடலாம். தம்புள்ளையில் தேத்தண்ணி. குருணாகலில் ஏறி மீரிகம வரை அதிவேக வீதி, 2022இல் திறந்த துண்டு. அங்கிருந்து திவுலப்பிட்டிய, மினுவாங்கொட. கார்ட் ஐயா பயப்படுகிற ஒடுங்கல் வளைவுகளில் பாதிக்கு மேல் தப்பிவிடும். இரவு 8 மணிக்கு நீர்கொழும்பில் நிற்கலாம். சாப்பிட்டு, அம்மா காலை நீட்டிப் படுத்து, பன்னிரண்டுக்குக் கிட்ட எயார்போர்ட்.

சக்கர நாற்காலிக்கு விமானக் கம்பனிக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கோ. அங்கே போய்க் கேட்டாலும் தருவார்கள், ஆனால் முந்திச் சொன்னவருக்கு முதலில் வரும். டோகாவிலும் கதவடியில் ஆள் நிற்கும். முதல் தடவை போகிற அம்மாவுக்கு அது நாற்காலி மட்டுமில்லை, வழிகாட்டியும்தான்.


நிலாவெளிக் காத்து
செவ்வாய், காலை 8.05

ஏன் இவ்வளவு பாடு? சீனன்குடாவிலேயே விமான ஓடுதளம் இருக்கிறதே. அங்கிருந்து சின்ன பிளேனில் கட்டுநாயக்காவுக்கு ஏறினால் என்ன?


கிண்ணியான்
செவ்வாய், காலை 8.31

தம்பி, அது விமானப்படைத் தளம். சின்ன பிளேன் வருவது நிலாவெளியில் வெயில் காய வருகிற வெள்ளைக்காரருக்கு. பெட்டிக்கும் சின்ன அளவுதான். நம்முடைய ஒடியல் மாவை இறக்கிவிட்டுத்தான் ஏறவேண்டிவரும்.


சாம்பல்தீவு ஆச்சி பேரன்
செவ்வாய், காலை 10.12

லண்டனுக்கு உதவாது, ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் எதற்குக் கட்டுநாயக்கா? யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைக்கு ஓடத் தொடங்கி, 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் வந்தது. பெரியம்மாவை வைத்தியத்துக்குச் சென்னை கொண்டுபோனபோது அப்படித்தான் போனோம். ஹொரவப்பொத்தானையால் வவுனியா, அப்புறம் ஏ-9. ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கவலையில்லை. முறிகண்டிப் பிள்ளையாரிடம் ஒரு தேங்காய், ஒரு பை கச்சான் கடலை. பெரியம்மா இன்றைக்கும் பிளேனைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா, அந்தக் கச்சானைப் பற்றித்தான் கதைப்பா.


பழைய கார்ட்
செவ்வாய், காலை 10.50

டித்வாப் புயல் நேரம் அந்தக் கணக்கும் பிழைத்ததே. 2025 நவம்பர் கடைசியில் ரயிலும் போச்சு, பல இடத்தில் ரோட்டும் போச்சு. ரயில் நின்றால் பஸ், பஸ் நின்றால் வான் என்று சொல்ல முடியாத கிழமை அது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் தண்ணி நின்றது. மாரி மாசத்தில் பிளைட் போட்டால் ஒரு நாள் முந்தி நீர்கொழும்பில் போய்ப் படுக்கவேண்டும். வெளிக்கிட முதல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்து ரோட்டு வெள்ளம் பற்றிக் கேட்கவேண்டும்.


கிண்ணியான்
செவ்வாய், காலை 11.20

உண்மைதான் ஐயா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல், டவுனுக்கு வருவதற்கே பாதையில் ஏறி ஆற்றைக் கடந்தவர்கள் நாங்கள். (இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: பாதை என்றால் இங்கே வாகனம் ஏற்றுகிற படகு.) பாதை மறுகரையில் நின்றால் வெளிநாட்டுப் பயணமும் மறுகரையில்தான். ஒரு நாள் முந்திப் போகிற பழக்கம் எங்களுக்கு அப்போதே வந்துவிட்டது. என்னைத் தவிர.


தோகா சிவா
செவ்வாய், பகல் 1.35

மாறி வருகிறவனின் கதையையும் கேளுங்கோ. போவதற்கு ஆயிரம் யோசனை சொல்கிறீர்கள். இறங்கி வருகிறவனை யாரும் நினைப்பதில்லை. நான் வியாழன் விடிய 1.40க்குக் கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். (கிண்ணியான் அண்ணை, தேதி இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.) வீடு உப்புவெளி. மெயில் இல்லை.

போன தடவையும் ரயில் இல்லாத நேரம்தான் வந்தேன். வெளியே வந்தவுடன் நாலு பேர் ட்ரொலியைப் பிடித்தார்கள். ஒருவர் சொன்ன விலைக்கு நான் திரும்ப டோகாவுக்கே போகலாம். வேண்டாம் என்று விடியும்வரை கதிரையில் இருந்து, 187இல் கொழும்புக்குப் போய், மூன்று பெட்டியையும் ஒவ்வொன்றாக இழுத்து, 49இல் ஏற்றினேன். கொண்டக்டர் பெட்டிக்கும் சீட் காசு கேட்டார். கொடுத்தேன், ஏனென்றால் பெட்டி உண்மையிலேயே சீட்டில்தான் இருந்தது. நான் நின்றேன். வந்த வழியையே பஸ்ஸில் கடந்துகொண்டு, பின்னேரம் நாலு மணிக்குத்தான் வீடு. பதினாலு மணித்தியாலம். டோகாவிலிருந்து இங்கே பறக்க ஐந்து கூட இல்லை.

இந்த முறை என்ன செய்வது?


தம்பலகாமம் வான்காரன்
செவ்வாய், பகல் 2.10

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் நினைப்பது வான்காரன் கொள்ளை அடிக்கிறான் என்று. எயார்போர்ட் ஓட்டத்தில் நாங்கள் போக வர இரண்டுக்கும் காசு எடுக்கிறோம், ஏனென்றால் திரும்புவது வெறும் வான். ஏற்ற வருவதென்றாலும் போவது வெறும் வான். டீசல் வெறும் வானுக்கும் குடிக்கும். புதன் இரவு மலர் அக்காவின் அம்மாவை இறக்குகிறேன், வியாழன் விடிய சிவாவை ஏற்றுகிறேன். ஒரு ஓட்டத்துக் காசு, இரண்டு வீடு பிரித்துக்கொள்ளுங்கோ.

ஒரு நிபந்தனை. நான் இரண்டு மணிக்கு ஏற்றி உடனே திரும்பமாட்டேன். அம்மாவை இறக்கியபின் வானிலேயே படுப்பேன், விடிய 5 மணிக்குத்தான் எடுப்பேன். சிவாவுக்கு வீட்டு நினைப்பு இருக்கும், எனக்கு நித்திரை இருக்கும்.


தோகா சிவா
செவ்வாய், பகல் 2.32

ஐந்து மணியா? பெட்டி எடுத்து வெளியே வர மூன்று ஆகும். மூன்றரைக்கு எடுத்தால் என்ன அண்ணை? வீட்டில் மகன் பள்ளிக்கூடம் போகாமல் காத்திருக்கிறான். அவனைப் பார்த்து இரண்டு வருஷம்.


தம்பலகாமம் வான்காரன்
செவ்வாய், பகல் 2.40

ஐந்து. மகன் இரண்டு வருஷம் பார்த்தான், ஒன்றரை மணித்தியாலம் பார்க்கமாட்டானா?


பாலையூற்று மலர்
செவ்வாய், பகல் 2.58

எனக்குச் சரி. நானும் தம்பியும் அம்மாவோடு வருகிறோம், திரும்பும்போது சிவா அண்ணாவோடு வருவோம். இடம் காணுமா? பங்கு எப்படி?


தோகா சிவா
செவ்வாய், பகல் 3.05

சரிபாதி தங்கச்சி. என்னிடம் நாலு பெட்டி, ஒரு டிவி.


தம்பலகாமம் வான்காரன்
செவ்வாய், பகல் 3.09

டிவி எத்தனை அங்குலம்?


தோகா சிவா
செவ்வாய், பகல் 3.11

55.


பழைய கார்ட்
செவ்வாய், பகல் 3.30

டிவிக்கு ஒரு சீட் காசு. கொண்டக்டர் செய்தது நியாயம்தான் என்று இப்போது விளங்குகிறதா தம்பி?


நெறியாளர்
செவ்வாய், பகல் 3.45

தொலைபேசி இலக்கம், கடவுச்சீட்டு இலக்கம், டிக்கெட் படம் எதையும் இங்கே போடவேண்டாம். தனிச் செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டம் கேட்டு வருகிற மற்றவர்கள் புது இழை தொடங்கவும்.


பாலையூற்று மலர்
வெள்ளி, காலை 9.20

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. அக்கா படம் அனுப்பினா, கம்பளிக் குல்லாய்க்குள் அம்மாவின் மூக்கு மட்டும் தெரிகிறது.

புதன் 1.30க்கே வெளிக்கிட்டோம். பத்திரகாளி கோயில் வாசலில் தேங்காய் அடித்ததில் பத்து நிமிஷம் போனது. அதற்கு வான்காரண்ணா ஒன்றும் சொல்லவில்லை, அவரே ஒன்று வாங்கி அடித்தார். கல்ஓயாப் பக்கம் பின்னேர வெயிலில் ஒரு தனியன் யானை ரோட்டோரமாக நின்றது. அம்மா ஜன்னலால் கும்பிட்டா. நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் பாயைப் போட்டுப் படுத்து எழும்பினோம். பெட்டியை அங்கேதான் திரும்பத் திறந்தது. ஒடியல் மா தங்கியது, என் கலியாணப் பட அல்பம் இறங்கியது. கவுண்டரில் நிறுத்தும்போது 22.9.

சக்கர நாற்காலியைத் தள்ளிய தம்பி வாசலிலேயே அம்மாவை வாங்கிக்கொண்டார். “ஆச்சி, பயப்படாதீங்க” என்று தமிழில்தான் சொன்னார். அதுவரைக்கும் அழாமல் நின்றவள் நான்.

திரும்பும்போது சிவா அண்ணாவின் டிவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து வந்தது. தம்புள்ளையில் அவர் எல்லோருக்கும் இடியப்பமும் சம்பலும் வாங்கித் தந்தார், டிவிக்காக என்று சொல்லி. 11 மணிக்கு உப்புவெளி. மகன் கேற்றில் ஏறி நின்றான்.


கிண்ணியான்
வெள்ளி, காலை 10.02

அல்ஹம்துலில்லாஹ். அம்மா திரும்பி வருவது எப்போது? டிக்கெட்டை இப்போதே பாருங்கோ.


பாலையூற்று மலர்
வெள்ளி, காலை 10.15

ஏப்ரல் 9, விடிய 00.25 இறங்கும் என்று இருக்கிறது. அப்போ 9 இரவா போகவேண்டும்?


தம்பலகாமம் வான்காரன்
வெள்ளி, காலை 10.16

8. எட்டாம் தேதி பகல் 1.30. எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டுங்கோ.